நினைவகப் பொருத்தம், பழைய மடிக்கணினிகளில்

பழைய மடிக்கணினியில் ராம் கூட்டும்போது தலைமுறை, மின்னழுத்தம், உச்சக் கொள்ளளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். உதாரணமாக, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதற்காக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிய தொடக்கக்காலக் கருவிகளின் ராம் டிடிஆர்3 தலைமுறையைச் சேர்ந்தது.

டிடிஆர்3 பட்டைக்கு 204 முனைகள், டிடிஆர்4க்கு 260. வெட்டுப்பள்ளமும் இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது அமராது. உண்மையில் ஏமாற்றுவது மின்னழுத்தம்தான். 1.5 வோல்ட் டிடிஆர்3, 1.35 வோல்ட் டிடிஆர்3எல் இரண்டும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் 1.35 மட்டும் தரும் கருவி முன்னதை ஏற்காது. இரு பட்டைகளின் வேகம் வேறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். 32 பிட் விண்டோஸ் 7இல் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண்செலவு. பழைய பட்டையைக் கழற்றி, அதன் ஒட்டுச்சீட்டைப் படித்த பிறகே கடைக்குப் போங்கள்.