பொன்முடி நீரும் வர்க்கலைக் கால்வாயும்

கேரளத்தில் வாழும் தமிழர்களாகிய நாம் விடுமுறை நாட்களில் பொன்முடிக்குச் செல்கிறோம். மூடுபனியையும் தேயிலைத் தோட்டங்களையும் கண்டு மகிழ்ந்து, அடிவாரத்துக் கல்லாற்றில் நீராடித் திரும்புகிறோம். அந்நீர் எங்கே செல்கிறது என எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கல்லாறு வாமனபுரம் ஆற்றில் சேர, அவ்வாறு மேற்கே அஞ்சுதெங்குக் காயலை அடைகிறது. அக்காயலின் வழியேதான் திருவிதாங்கூரின் நீர்வழி ஒரு காலத்தில் வடக்கு நோக்கிச் சென்றது. அவ்வழியில் அமைந்த சிற்றூர் வர்க்கலை.

1815 முதல் 1829 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த ராணி கௌரி பார்வதி பாயியின் காலத்தில் பார்வதி புத்தனாறு என்னும் கால்வாய் வெட்டப்பட்டது. அது திருவனந்தபுரத்தைக் கடினங்குளம் காயலோடு இணைத்தது. ஆயினும், வர்க்கலைக் குன்றுகள் வடக்கே வழியை மறித்து நின்றன. படகில் வந்தோர் அங்கே இறங்கித் தரைவழியே குன்றைக் கடந்து, அப்பால் வேறு படகு ஏற வேண்டியிருந்தது. சரக்குகளும் அவ்வாறே இறக்கி ஏற்றப்பட்டன.

இத்தடையை நீக்கக் குன்றைக் குடையும் பணி 1860களின் பிற்பகுதியில் தொடங்கியது. அப்போது திவானாக விளங்கியவர் 1828இல் கும்பகோணத்தில் பிறந்த மாதவராவ். அவர் 1872இல் பதவி நீங்கிய பின்னரும் வேலை தொடர்ந்து, 1880 அளவில் நிறைவுற்றது. இரண்டு குகைவழிகள் அமைந்தன. அவற்றுள் பெரியது 700 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. மேலே வெட்டுக்கல்லும் கீழே மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காய் அமைந்த குன்று அது. அதனைக் குடைந்து படகு செல்ல வழி செய்த தொழிலாளரின் உழைப்பு வியப்புக்குரியது.

1918இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர்ச் சாலைகளும் பெருகின. நீர்வழியை நாடுவோர் குறைந்தனர், கால்வாய் தூர்ந்தது. அண்மை ஆண்டுகளில் அதனைச் சீரமைக்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன.

வர்க்கலையில் காணத்தக்கவை பல. ஜனார்த்தன சுவாமி கோயிலும், முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்தும் பாபநாசக் கடற்கரையும் உள்ளன. ஸ்ரீ நாராயண குரு 1928இல் சமாதியடைந்த சிவகிரியும் அங்கேதான் இருக்கிறது. 1925இல் காந்தியடிகள் அங்கு வந்து குருவைக் கண்டார். தெற்கே, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய அஞ்சுதெங்குக் கோட்டையையும் காணலாம்.

கோயிலுக்குக் காவலர் உண்டு, கோட்டைக்கும் உண்டு. தூர்ந்த கால்வாய்க்கோ, அதன் வரலாற்றை அறிந்த மக்களே காவல். வர்க்கலைக்குச் செல்லும்போது நம் பிள்ளைகளை அக்குகைவழியின் வாயிலுக்கும் அழைத்துச் செல்வோம். அதன் கதையை அவர்களுக்கு எடுத்துரைப்போம். நாம் வாழும் நாட்டுக்கு நாம் செய்யத்தக்க எளிய கடமை அது.