சிறார் உதைபந்தாட்டத்தில் எளிய தாக்குதல்

வில்லியே லே பெல் உள்ளிட்ட பாரிஸின் வடபுறநகர்களில் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளும் உதைபந்து பழகுகிறார்கள். பிரான்சில் 13 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 8 பேராகவே ஆடுகிறார்கள். ஆள் குறைவதால் ஒவ்வொரு காலுக்கும் பந்து அடிக்கடி வரும். தாக்குதலும் அதற்கேற்ப எளிமையாக இருப்பதே முறை. கோல் காப்பாளருக்கு முன்னே 3-3-1 அமைப்பு, பந்து வைத்திருப்பவரோடு இருவர் எப்போதும் முக்கோணமாக நிற்பது, அவ்வளவே போதும். பந்தைத் தட்டிக்கொடுத்த பிள்ளை நின்று பார்க்காமல் உடனே வெற்றிடத்துக்கு ஓடினால், பந்தைப் பார்ப்பதா ஆளைப் பார்ப்பதா என்று தடுப்பவர் தடுமாறுவார். உயரமான பிள்ளைக்கு நெடும்பந்து அடித்தால் விரைவில் வெல்லலாமே என்பார்கள். வெல்லலாம்தான், ஆனால் மற்றவர்கள் வளர்ந்ததும் அந்த அனுகூலம் கரைந்துவிடும். மாறாக, வில்லியே லே பெல்லுக்குப் பக்கத்து ஊரான சார்செலில் மெலிந்த உடலோடு பழகிய ரியாத் மஹ்ரெஸ், 2016இல் லெஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக்கை வென்றார்.