ஒரே பெயர், 12 எழுத்துக்கூட்டல்: அம்ஹாரிக் ‘ஹ’ கம்ப்யூட்டரைக் குழப்புவது ஏன்?

எத்தியோப்பியாவில் ஒரு மருத்துவமனை. அதன் பதிவு மென்பொருளைக் கவனிப்பவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ட்ஸெஹாய்’ என்ற பெண் வருகிறார். அம்ஹாரிக் மொழியில் அந்தப் பெயருக்கு ‘சூரியன்’ என்று பொருள். பெயரைத் தட்டித் தேடினால், ‘பதிவு இல்லை’ என்கிறது திரை. ஆனால், போன மாதம் அவர் சிகிச்சை பெற்றதே அங்கேதான். சிக்கல், பெயரின் நடுவில் இருக்கும் ‘ஹ’வில்.

இந்த எழுத்துகள் எப்படி கம்ப்யூட்டருக்குள் வந்தன?

அம்ஹாரிக், ‘கீஸ்’ என்ற பழைய மொழியின் எழுத்துகளில் எழுதப்படுகிறது. நம் உயிர்மெய் போல ஒவ்வொரு மெய்க்கும் 7 வடிவங்கள். 1999-ல் வந்த யூனிகோடு 3.0-வில் இவை சேர்ந்தன.

தமிழில் ‘லு’ என்றால் ‘ல’ ஓர் எண், உகரக் குறி இன்னோர் எண். அங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண்: ‘லெ’ 1208, ‘லு’ 1209. (இவை பதினாறடிமான எண்கள்.)

நல்லதுதானே, இதுல என்ன சிக்கல்?

‘ஹ’ வரிசை ஒன்றல்ல. 1200, 1210, 1280 என மூன்று எண்களில் மூன்று வரிசைகள் தொடங்குகின்றன. கீஸ் மொழியில் இவை தனித்தனி ஒலிகள். இன்றைய அம்ஹாரிக் பேச்சில் மூன்றுமே ‘ஹ’தான். போதாததற்கு, இந்த வரிசைகளில் முதல் வடிவமும் நான்காம் வடிவமும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஆக 1203, 1213, 1283-ம் சேர்ந்து, ஒரே ஒலிக்குக் குறைந்தது 6 எண்கள்.

‘ட்ஸெ’வுக்கும் இரண்டு எழுத்துகள்: 1338, 1340. கணக்குப் போடுங்கள்: 2 x 6 = 12. எல்லாமே நடைமுறையில் வராது. ஆனால், ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் தட்டினாலே போதும், பதிவு கிடைக்காது.

அப்போ எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துடலாமே?

முடியாது. எரித்ரியாவிலும் எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியிலும் பேசப்படும் டிக்ரின்யா மொழிக்கும் இதே எழுத்துகள்தான். அதில் 1200 வேறு ஒலி, தொண்டையிலிருந்து வரும் 1210 வேறு ஒலி. சேர்த்தால் அந்த மொழி சிதையும். தவிர, ஒருமுறை கொடுத்த எண்ணை யூனிகோடு திரும்பப் பெறுவதில்லை.

யூனிகோடின் ‘நார்மலைசேஷன்’ உதவாதா? ‘கொ’வை ஒரே குறியாகத் தட்டினாலும், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டினாலும் அது ஒன்றாக்கிவிடும். ஆனால், கருப்பையும் கறுப்பையும் ஒன்றாக்காது. மூன்று ‘ஹ’வும் அப்படித்தான், அதன் கண்ணுக்கு அவை வேறு வேறு எழுத்துகள்.

அப்போ என்னதான் வழி?

மாற்றம் வேண்டியது எழுத்தில் அல்ல, தேடலில். பெயரை, அதற்குரியவர் எழுதியபடியே சேமியுங்கள். பக்கத்திலேயே தேடலுக்கென்று ஒரு நகல். அதில் மட்டும் ஒரே ஒலி எழுத்துகளை ஓர் எழுத்தாக மாற்றுங்கள். தேடும் சொல்லுக்கும் அதே மாற்றம். இந்த விதி அம்ஹாரிக்குக்கு மட்டும். டிக்ரின்யாவுக்குத் தனி விதி.

பல மொழிப் பெயர்களைக் கையாளும் மென்பொருளை எழுதுகிறீர்களா? ‘யூனிகோடு சப்போர்ட் இருக்கு’ என்பதோடு நிறுத்தாதீர்கள். திரையில் எழுத்து சரியாகத் தெரிவது வேறு. தேடினால் ஆள் கிடைப்பது வேறு.