ஆபர்னில் தொடங்கிய மாற்றம்: போ நிக்ஸின் இடமாற்றம் பற்றிய மறுவாசிப்பு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், தடுமாறிக்கொண்டிருந்த குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) ஒருவர் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய் மீண்டெழுந்தார் என்று வாதிடுவோர் முதலில் எடுத்துவைக்கும் சான்று போ நிக்ஸ். 2019 முதல் 2021 வரை ஆபர்னில் மூன்று பருவங்கள். 2021 டிசம்பரில் விலகல். பிறகு ஒரிகனில் இரண்டு பருவங்கள். 2023இல், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். 2024 ஏப்ரலில் தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வில் 12ஆவது ஆளாக டென்வர் பிராங்கோஸ் அணிக்கு. இந்த வரிசையை அப்படியே படித்துக்கொண்டு போனால் இடமாற்றமே வீரரைக் காப்பாற்றியது என்ற முடிவு தானே வந்து நிற்கும். இதுவரையான ஆய்வுப் போக்கும் அங்கேதான் நிற்கிறது. அது கோட்டை ஓராண்டு தள்ளிக் கிழித்திருக்கிறது என்பது என் துணிபு. மாற்றம் நிகழ்ந்தது உண்மை. ஆனால் அதன் முதல் தடயங்கள் ஆபர்னின் கடைசிப் பருவத்திலேயே இருக்கின்றன.

அந்த ஆய்வுப் போக்கு சாய்ந்து நிற்பது ஒரே ஓர் எண்ணின் மீது: எறிந்த பந்துகளில் எத்தனை விழுக்காடு சக வீரரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்பது. இதைச் சேர்ப்பு விழுக்காடு என்கிறேன். ஆபர்னில் அது 57.6, 59.9, 61.0. ஒரிகனில் 71.9, 77.4. கடைசியாகச் சொன்ன எண் கல்லூரிக் கால்பந்தின் முதல் பிரிவில் ஒரு பருவத்துக்கான சாதனை. 61க்கும் 72க்கும் இடையே இடமாற்றத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதால் அதுவே காரணம் என்கிறார்கள். இந்த எண் யாரை அளக்கிறது, வீரரையா அவரைச் சூழ்ந்தவர்களையா என்ற கேள்வியை அவர்கள் எழுப்பவில்லை. அதை எழுப்புவதற்குத் தோதான ஆவணம் ஒன்று உண்டு. மீட்சிக் கதையை நம்பும் தரப்பும் ஐயம் கொள்ளும் தரப்பும் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

2022 செப்டம்பர் 3. அட்லாண்டாவில் ஒரிகனுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஆட்டம். ஒரிகன் சீருடையில் நிக்ஸுக்கு முதல் நாள். ஆட்டத் தாள் இவ்வளவுதான் சொல்கிறது: 37 எறிவுகள், 21 சேர்ந்தன, 173 கெஜம், டச்டவுன் ஒன்றுகூட இல்லை, எதிரணி பறித்தவை 2. ஜார்ஜியா 49, ஒரிகன் 3.

மீட்சிக் கதையை நம்புவோர் இந்தத் தாளை ஒதுக்கிவிடுகிறார்கள். புதிய அணி, முதல் ஆட்டம், எதிரே நடப்புச் சாம்பியன். இதை எதற்காகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. ஐயம் கொண்டோர் நேர் எதிராக, இதுதான் அவருடைய உண்மை முகம், பிறகு வந்தவை எளிய எதிரணிகளிடம் சேர்த்தவை என்கிறார்கள். முதல் வாசிப்பு வசதிக்காகச் சான்றைத் தள்ளுகிறது. இரண்டாவது, சான்று சுமக்க முடியாத எடையை அதன் மேல் ஏற்றுகிறது. தாளை அன்றைய ஆட்டத்தோடு சேர்த்துப் படிக்க இரண்டு தரப்புக்கும் பொறுமை இருக்கவில்லை.

அன்று ஜார்ஜியா பந்தைக் கைக்கொண்ட முதல் ஏழு முறையும் டச்டவுன் போட்டது. ஆகவே ஒரிகன் குவாட்டர்பேக் பெரும்பாலான எறிவுகளைப் பின்தங்கிய நிலையில் எறிந்தார். பின்தங்கிய அணி எறிந்தே தீர வேண்டும் என்பது எதிரணிக்கும் தெரியும். ஓட்டத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டுப் பந்து போகும் வழிகளில் ஆட்களைக் குவிக்கும். ஆட்டத் தாளின் கட்டங்களுக்கு இந்த நிலைமை தெரியாது. சமநிலையில் எறிந்த பந்தும் 28 புள்ளி பின்தங்கி எறிந்த பந்தும் அங்கே ஒன்றுதான்.

இந்தத் தாளைத் தனியாக வைக்காமல் அதன் உடன்பிறப்புகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆபர்ன் குவாட்டர்பேக்காக நிக்ஸ் ஜார்ஜியாவை மூன்று முறை சந்தித்திருந்தார். 2019இல் 14–21, 2020இல் 6–27, 2021இல் 10–34. நான்காவது சந்திப்புத்தான் அட்லாண்டா. ஒரே வீரர், ஒரே எதிரணி, நடுவில் ஓர் இடமாற்றம். சமூக ஆய்வில் இவ்வளவு நெருக்கமான ஒப்பீடு அரிதாகவே கிடைக்கும். அது காட்டுவது என்ன? அட்லாண்டாவில் அவருடைய சேர்ப்பு விழுக்காடு 56.8. ஆபர்னின் மூன்று பருவங்களையும் கூட்டினால் 1057 எறிவுகளில் 628 சேர்ந்தன, அதாவது 59.4. சீருடை மாறியும், பயிற்சியாளர்கள் மாறியும், பழைய எதிரணி முன்னால் நின்றதும் பழைய எண்ணே திரும்ப வந்திருக்கிறது. அடுத்த வாரம் கீழ்ப்பிரிவு அணியான ஈஸ்டர்ன் வாஷிங்டனுக்கு எதிராக 33இல் 28 சேர்ந்தன, 5 டச்டவுன். ஏழு நாளில் ஒரு மனிதரின் தோள் அப்படி மாறாது. சேர்ப்பு விழுக்காடு முதன்மையாக அளப்பது எதிரே நிற்பவர்களையும் உடன் நிற்பவர்களையும். இதை ஏற்றால், 61இலிருந்து 72க்குத் தாவியதை நிக்ஸின் மறுபிறப்புக்குச் சான்றாகக் காட்ட முடியாது. அவர் நல்ல அணியில் போய்ச் சேர்ந்தார் என்பதற்கு அது சான்று. அதைவிட அதிகமாக அது எதையும் சொல்லவில்லை.

அட்லாண்டா ஆட்டத்தில் இன்னொரு சான்று கிடக்கிறது. அது எண்களில் இல்லை. அன்று ஒரிகனின் தலைமைப் பயிற்சியாளராக நின்ற டான் லேனிங், 2019 முதல் 2021 வரை ஜார்ஜியாவின் தடுப்பாட்டப் பொறுப்பாளர். நிக்ஸை மூன்று முறை கட்டிப்போட்ட திட்டங்களைத் தீட்டியவர் அவர். ஒரு குவாட்டர்பேக்கின் ஒவ்வொரு பலவீனத்தையும் தேடிப் பட்டியலிடுவது அந்தப் பொறுப்பில் இருப்பவரின் அன்றாட வேலை. அப்படிப் பட்டியலிட்டவர் புதிய பொறுப்பேற்றதும் அதே ஆளைத் தம் அணிக்கு அழைத்துக்கொள்கிறார். வேறு வழியில்லாமல் செய்தார் என்றும் சொல்ல முடியாது; உயர்நிலைப் பள்ளியிலிருந்து உச்ச மதிப்பீட்டோடு வந்திருந்த டை தாம்ப்சன் ஒரிகனில் இருந்தார். ஆபர்னின் 2021 ஆட்டங்களில், வெளியார் தடுமாற்றத்தை மட்டும் பார்த்த இடத்தில், லேனிங் வேறு எதையோ பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகம்தான். ஆனால் அவர் பார்த்திருக்கக்கூடியது எதுவென்று எண்களிலும் தேடலாம்.

எறிந்த பந்தை எதிரணி பறிப்பது ஒரு குவாட்டர்பேக்கின் மிகப்பெரிய பிழை. எறிவின் முடிவு அவருடையது; எப்போது எறியாமல் இருப்பது என்பது அதைவிடவும் அவருடையது. நிக்ஸின் ஐந்து பருவங்களில் பறிகொடுத்தவை முறையே 6, 7, 3, 7, 3. இவற்றை இடமாற்றத்தைக் கோடாக வைத்துப் பிரித்தால், ஆபர்னில் 1057 எறிவுகளில் 16, ஒரிகனில் 879இல் 10. நூறு எறிவுக்கு 1.51இலிருந்து 1.14. வித்தியாசம் உண்டு, பெரிதில்லை. கோட்டை ஓராண்டு முன்னே நகர்த்தி 2020க்கும் 2021க்கும் நடுவே வைத்தால் படம் மாறுகிறது. முதல் இரண்டு பருவங்களில் 734 எறிவுகளில் 13. பிந்தைய மூன்றில் 1202 எறிவுகளில் அதே 13. நூற்றுக்கு 1.77இலிருந்து 1.08. இடைவெளி ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. நிக்ஸின் கல்லூரி வாழ்க்கையில் ஒரு முறிவு இருந்தது என்றால், அது அவர் ஊர் மாறிய டிசம்பரில் இல்லை. ஆபர்னின் பழைய பயிற்சிக் குழு போய்ப் புதிய குழு வந்த, அவர் ஆபர்னிலேயே தங்கியிருந்த பருவத்தில் இருக்கிறது.

இங்கே நிதானம் வேண்டும். ஆண்டுக்கு மூன்று, ஏழு என்ற அளவில் உள்ள எண்ணிக்கைகள் சிறியவை. சக வீரரின் விரலில் பட்டுத் தெறித்த இரண்டு பந்துகள் ஒரு பருவத்தின் கணக்கைத் தலைகீழாக்கிவிடும். 2021ஐ மட்டும் வைத்து வாதிட்டிருந்தால் நானே அதை ஏற்றிருக்க மாட்டேன். மூன்று பருவங்களை ஒன்றாகச் சேர்த்த பிறகும் அது ஒரு சாய்வைத்தான் காட்டுகிறது, நிறுவலை அன்று. ஆயினும் மீட்சிக் கதைக்கு இதே எண்களில் இந்தச் சாய்வுகூட இல்லை. இடமாற்றத்துக்குப் பிந்தைய முதல் பருவத்தில் பறிப்புகள் 3இலிருந்து 7ஆகக் கூடின. அட்லாண்டாவின் இரண்டைக் கழித்தாலும் 372 எறிவுகளில் 5. 2021இன் 323இல் 3 என்ற அளவைவிட அது மேம்பட்டதில்லை.

அந்த 2021 பருவம் எப்படி நினைவுகூரப்படுகிறது என்பதும் இந்த வாசிப்பைப் பாதித்திருக்கிறது. செப்டம்பரில் ஜார்ஜியா ஸ்டேட் ஆட்டத்தில் நிக்ஸ் நடுவில் வெளியே அமர்த்தப்பட்டார். மாற்றாக வந்த டி. ஜே. ஃபின்லி ஆட்டத்தை 34–24 என்று வென்று கொடுத்தார். நவம்பரில் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் ஆடும்போது நிக்ஸுக்குக் கணுக்கால் முறிந்தது. இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே, வெளியே அமர்த்தப்பட்ட அடுத்த வாரமே, பேட்டன் ரூஜுக்குப் போய் எல்.எஸ்.யூ.வை 24–19 என்று வென்றதை ஆய்வுகள் ஒரு வரியில் கடக்கின்றன. 1999க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆபர்ன் பெற்ற முதல் வெற்றி அது. 1990களில் ஆபர்னுக்கே குவாட்டர்பேக்காக ஆடிய தந்தை பேட்ரிக் நிக்ஸின் பெயர்ச் சுமையே மகனை அழுத்தியது என்ற விளக்கமும் அடிக்கடி வருகிறது. அதைச் சோதிக்க வழியே இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

வலுவான மறுப்பு வேறொன்று: மாறியது இடம் இல்லை, ஆட்டமுறையை வகுத்தவர் என்பது. 2022இல் ஒரிகனின் தாக்குதல் பொறுப்பாளர் கென்னி டில்லிங்ஹாம். இவரே 2019இல் ஆபர்னிலும் நிக்ஸின் தாக்குதல் பொறுப்பாளர். அதே ஆசிரியர், அதே மாணவர், ஓரிடத்தில் 57.6, இன்னோரிடத்தில் 71.9. ஆசிரியரே காரணம் என்றால் முதல் எண்ணை எப்படி விளக்குவது? அப்போது ஒவ்வொரு ஆட்டமுறையையும் களத்துக்கு அழைத்தவர் தலைமைப் பயிற்சியாளர் கஸ் மால்சான், டில்லிங்ஹாமின் கை கட்டப்பட்டிருந்தது என்று பதில் வரும். அது நியாயமான பதில். ஆனால் 2022 நவம்பரில் டில்லிங்ஹாம் அரிசோனா ஸ்டேட்டுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வில் ஸ்டெய்ன் வந்தார். சேர்ப்பு விழுக்காடு குறையவில்லை, 77.4க்கு ஏறியது. டச்டவுன் 29இலிருந்து 45 ஆனது, பறிப்பு மூன்றுக்கு இறங்கியது. ஐந்து பருவங்களில் டில்லிங்ஹாம், சாட் மாரிஸ், மைக் போபோ, மீண்டும் டில்லிங்ஹாம், ஸ்டெய்ன் என்று நான்கு முறை தாக்குதல் பொறுப்பு கைமாறியது. ஒருவரைச் சுட்டி இவரால்தான் என்று சொல்வதற்கு இந்த வரிசை இடம் தரவில்லை.

ஒரிகன் அன்று எதிர்கொண்ட பசிபிக் கரை அணிகளின் தடுப்பாட்டம், ஆபர்ன் ஆடும் தென்கிழக்குக் கூட்டமைப்பு அணிகளுடையதைவிட மெலிந்தது என்பதும் சொல்லப்படுகிறது. சேர்ப்பு விழுக்காட்டின் தாவலில் அதற்குப் பங்கு உண்டு என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. என் வாதத்துக்கு அது துணையாகவே வருகிறது. அது மட்டுமே முழு விளக்கம் என்றால் 2022இல் பறிப்புகள் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

இந்தப் பிரிப்பு, அதாவது சேர்ப்பு சூழலைச் சொல்லும், பறிப்பு ஆளைச் சொல்லும் என்பது, நிக்ஸுக்கு மட்டும் பொருந்தினால் அதை ஒரு தனியாளின் விந்தையாக விட்டுவிடலாம். வேறு இரண்டு பேரிடமும் பொருத்திப் பார்த்தேன். ஸ்பென்சர் ராட்லர் 2021 அக்டோபரில் டெக்சஸ் ஆட்டத்தின் நடுவில் ஓக்லஹோமாவின் இடத்தைக் கேலப் வில்லியம்ஸிடம் இழந்தார். அந்தப் பருவத்தில் அவருடைய சேர்ப்பு 74.9 விழுக்காடு. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அவரை ஏன் அமர்த்தினார்கள் என்றே விளங்காது. 187 எறிவுகளில் 5 பறிப்புகள் என்பதைப் பார்த்தால் விளங்கும். தென் கரோலைனாவுக்கு மாறிய முதல் பருவத்தில் சேர்ப்பு 66 அளவுக்கு இறங்கியது. பறிப்பு 12, நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று. சேர்ப்பு ஊரோடு போயிற்று, பிழை ஆளோடு வந்தது. அதற்கடுத்த பருவத்தில் ராட்லரின் பறிப்பு 8ஆகக் குறைந்ததையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அதுவும் இடமாற்றத்தின் நாளில் நிகழவில்லை, ஓராண்டு கழித்து நிகழ்ந்தது.

மற்றவர் ஜோ பரோ. ஒஹாயோ ஸ்டேட்டில் பெரும்பாலும் பின்வரிசையில் காத்திருந்துவிட்டு 2018இல் எல்.எஸ்.யூ.வுக்கு மாறியவர். இடமாற்றம் வீரரை மாற்றுமென்றால் அது 2018இல் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் அவருடைய சேர்ப்பு 57.8 விழுக்காடு, 16 டச்டவுன், 379 எறிவுகளில் 5 பறிப்பு. அடுத்த பருவத்தில் அதே பல்கலைக்கழகத்தில், ஜோ பிரேடி கொண்டுவந்த புதிய எறிவுமுறையில், சேர்ப்பு 76.3 விழுக்காடு, 60 டச்டவுன், 527 எறிவுகளில் 6 பறிப்பு. இடம் மாறாமலேயே சேர்ப்பு 18 புள்ளிக்கு மேல் தாவியது. பறிப்பு நூற்றுக்கு 1.32இலிருந்து 1.14க்கு நகர்ந்ததோடு சரி. அவர் எப்போதும் அவ்வளவு கவனமாகவே எறிந்துகொண்டிருந்தார். அந்தக் கவனத்துக்கு ஏற்ற அணி அமைய ஒரு பருவம் பிடித்தது.

இடமாற்றத் தேதியை முன் பின் என்று பிரிக்கும் கோடாக வைத்தே இத்துறையின் ஒப்பீடுகள் அனைத்தும் அமைகின்றன. 2018 அக்டோபரில், இடம் மாற விரும்புவோரைப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்ததும், 2021 ஏப்ரலில் முதல் இடமாற்றத்துக்கு ஓராண்டு காத்திருக்கும் கட்டாயம் நீங்கியதும் அந்தத் தேதியைப் பதிவேட்டில் எளிதாகக் கிடைக்கும் ஒன்றாக்கிவிட்டன. எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகவே அது கோடாகிவிட்டது. விலகும் பருவத்தைத் தோல்விப் பக்கத்தில் முழுதாகச் சேர்த்துவிடாமல், அதைத் தனியாக எடுத்து, பறிப்புகளை முதலில் எண்ணிப் பார்க்கும்படி கேட்கிறேன். 2023 ஹைஸ்மன் வாக்கெடுப்பின் முதல் மூன்று இடங்களிலும் நின்றவர்கள் இடம் மாறியவர்களே: அரிசோனா ஸ்டேட்டிலிருந்து எல்.எஸ்.யூ.வுக்கு வந்த ஜேடன் டேனியல்ஸ், இண்டியானாவிலிருந்து வாஷிங்டனுக்கு வந்த மைக்கேல் பெனிக்ஸ், பிறகு நிக்ஸ். மற்ற இருவரின் கடைசிப் பழைய பருவத்தையும் இதே முறையில் பிரித்துப் பார்ப்பது அடுத்த வேலை.