கழற்றிய சாமான்

என் காரின் இன்ஜினைத் திறக்க நம்பகமான ஓர் ஆளைத் தேடிப் பதினோரு மாதம் அலைந்தேன். கார், 1972-ஆம் வருடத்து டாட்ஸன் 240-இசட். கலிஃபோர்னியாவில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு முதியவர் அதைப் புதிதாக வாங்கி, வாழ்நாள் முழுக்க வைத்திருந்து, பார்வை மங்கியபின் எனக்குக் கொடுத்தார். விற்றார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கொடுத்தார் என்றே வாயில் வருகிறது. அவர் போட்ட ஒரே நிபந்தனை, இன்ஜினை மாற்றக் கூடாது என்பது. இந்தக் கார்களின் பானெட்டுக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் இன்ஜின் எண் பொறித்திருக்கும். தகட்டின் எண்ணும் இன்ஜின் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால், அது பிறந்தபடியே இருக்கிற கார். அவருடையதில் ஒன்றாக இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதலில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீலப் புகை வந்தது. அப்புறம் மேட்டில் ஏறும்போதும் வர ஆரம்பித்தது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். நான் போன முதல் ஷாப்பில் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார்கள். "இந்த இன்ஜின் முடிஞ்சு போச்சு, எங்ககிட்ட ரீபில்ட் பண்ணின இன்ஜின் ஒண்ணு தயாரா இருக்கு, மாத்திரலாம்" என்றார்கள். இரண்டாவது ஷாப்பில் வண்டியைப் பார்க்காமலேயே போனில் ஒரு தொகை சொன்னார்கள். நான் அந்தக் காருக்குக் கொடுத்த விலையில் பாதி அது. மூன்றாவது ஆள், ஒன்றும் பண்ண வேண்டாம், கெட்டியான ஆயில் ஊற்றி ஓட்டு என்றார். ஒரே புகைக்கு மூன்று தீர்ப்பு.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். உள்ளெரி இயந்திரங்கள் என்று ஒரு தாளே எழுதித் தேறியிருக்கிறேன். ஆனால் ஓர் இன்ஜினையும் கையால் திறந்ததில்லை. படிப்பு முடிந்த மறுமாதமே மென்பொருளுக்கு வந்துவிட்டேன். இந்த மூன்று பேரில் யார் சொல்வது உண்மை என்று கண்டுபிடிக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது வழக்கமாகச் செய்வதையே செய்தேன். பழைய கதைகளைப் படிக்க உட்கார்ந்தேன்.

மெக்கானிக்கை நம்பலாமா என்ற கேள்விக்குக் காரின் வயதுதான். அமெரிக்காவில் 1900-களின் தொடக்கத்தில் கார் என்பது பணக்காரர்களின் பொருள். அது தினமும் மக்கர் பண்ணும். அதனால் ஓட்டவும் பழுதுபார்க்கவும் தெரிந்த ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அவன்தான் ஷோஃபர். கெவின் போர்க் என்ற வரலாற்றாசிரியர், அமெரிக்க ஆட்டோ மெக்கானிக்குகளைப் பற்றி 2007-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த ஆளை விரிவாகக் காட்டுகிறார். குதிரை வண்டிக்காரனுக்கு லாயத்திலிருந்து கமிஷன் போவது பழைய வழக்கம். அதே வழக்கத்தில் கராஜ்களும் ஷோஃபருக்குக் கமிஷன் கொடுத்தன. டயர் வாங்கினால் ஒரு பங்கு, ரிப்பேர் செய்தால் ஒரு பங்கு. முதலாளிக்கோ கோபம் வந்தாலும் நிறுத்த முடியாது. வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவன் அந்த வேலைக்காரன் ஒருவன்தான். இதற்கு அன்றைய பத்திரிகைகள் வைத்த பெயர் 'ஷோஃபர் பிரச்சினை'. எஜமானுக்குத் தெரியாதது வேலைக்காரனுக்குத் தெரியும் என்பதே அந்த வர்க்கத்துக்குப் பெரிய அவமானமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பிறகு கார் எல்லோர் கைக்கும் வந்தது. தெருவுக்குத் தெரு கராஜ் வந்தது. 1941-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் ஒரு வேலை செய்தது. நல்ல கண்டிஷனில் உள்ள ஒரு காரை ஓர் ஆணிடமும் பெண்ணிடமும் கொடுத்து, 48 மாநிலங்களுக்கும் அனுப்பியது. கராஜ் கண்ணில் படுவதற்குச் சற்று முன் இக்னிஷன் காயிலின் ஒரு வயரைக் கழற்றிவிட வேண்டும். வண்டி திக்கித் திக்கி உள்ளே போகும். பார்த்தவுடன் தெரிகிற, ஒரு நிமிடத்தில் மாட்டிவிடக்கூடிய வயர். மொத்தம் 347 கராஜ்கள். அதில் 129 பேர் வயரை மாட்டிக் காசு வாங்காமலோ சில்லறை வாங்கியோ அனுப்பினார்கள். மீதி 218 பேர் செய்யாத வேலைக்கும் தேவையில்லாத சாமானுக்கும் பில் போட்டார்கள். நூற்றுக்கு அறுபத்து மூன்று. இந்த எண்ணைக் காட்டி, பார், எல்லோரும் திருடர்கள் என்று அன்று எழுதியிருப்பார்கள். எனக்கு அந்த 129 பேர்மேல்தான் கண் போனது. வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, இனி இந்த ஊர்ப் பக்கம் வரப்போவதும் இல்லை. ஏமாற்றினால் கேட்க நாதியில்லை. அப்படியும் மாட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

240-இசட் அமெரிக்காவுக்கு வந்தது 1970-ஆம் வருட மாடலாக. விலை 3526 டாலர். இரண்டாயிரத்து நானூறு சி.சி.க்குச் சற்றுக் குறைவான, வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட எல்24 இன்ஜின். வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் காரின் சுகத்தைப் பாதி விலைக்குக் கொடுக்கிறது என்று மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதே 1970-இல்தான் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்ச் சந்தையைப் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்கு சந்தையை விட்டே ஓடிவிடும் என்பது அதன் சாரம். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. 2001-இல் அதற்காகவே நோபல் கிடைத்தது.

ஆனால் என் நிலைமையைச் சரியாகச் சொன்னது அதற்கு மூன்று வருடம் கழித்து வந்த இன்னொரு கட்டுரை. மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் 1973-இல் எழுதியது. தடையற்ற போட்டியும் மோசடியின் உகந்த அளவும் என்று தலைப்பு. தலைப்பிலேயே ஒரு குசும்பு. சில பொருள்களை வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், துணி மாதிரி. சிலவற்றை வாங்கிப் பயன்படுத்தினால் தெரியும், சாப்பாடு மாதிரி. மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, அதை வாங்கி அனுபவித்த பிறகும் அது தேவைதானா என்று தெரியாது என்றார்கள் இவர்கள். குடல்வால் அறுவை சிகிச்சையும் கார் ரிப்பேரும் அதற்கு உதாரணம். இந்த வகையை நம்பிக்கைச் சரக்கு என்று சொல்லலாம். கோளாறு என்ன என்று சொல்பவனும் அதைச் சரிசெய்து காசு வாங்குபவனும் ஒரே ஆள் என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. இரண்டையும் பிரித்தாலோ செலவு கூடும், ஏனென்றால் திறந்து பார்த்தவனே சரிசெய்வதுதான் மலிவு.

இதைப் படித்தபோது கொஞ்சம் கூசியது. சில வருடம் முன்பு ஒரு வாடிக்கையாளரிடம், உங்கள் பழைய மென்பொருளைத் திருத்த முடியாது, முழுசா மறுபடி எழுதணும் என்று நான் சொன்னேன். அரை நாள்கூட அதை அளந்து பார்க்கவில்லை. பழைய குழப்பத்துக்குள் கைவிட எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நான் பொய் சொன்னதாக அன்று நினைக்கவில்லை. அந்த முதல் ஷாப்காரரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

கலிஃபோர்னியா 1971-இல் கார் ரிப்பேருக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது, மேற்பார்க்க ஒரு துறையும் உண்டானது. எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும்; வாடிக்கையாளர் சம்மதிக்காமல் அதைத் தாண்டக் கூடாது; முன்பே கேட்டுக்கொண்டால், கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தத் துறைதான் பின்னாளில் சியர்ஸ் நிறுவனத்தின் கார் சென்டர்களுக்குள் மாறுவேடத்தில் ஆள் அனுப்பியது. 38 முறை போனதில் 34 முறை தேவையில்லாத வேலையைத் தலையில் கட்டினார்கள் என்பது 1992-இல் அது வைத்த குற்றச்சாட்டு. அங்கே ஆலோசகர்களுக்கு விற்பனையைப் பொறுத்துக் கமிஷன் இருந்தது. விஷயம் வெளியே வந்ததும் நிறுவனம் அந்தக் கமிஷனை நிறுத்தியது. ஷோஃபரின் முதலாளி கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

எஸ்டிமேட், சம்மதம் எல்லாம் சரி. அந்தச் சட்டத்தில் பழைய சாமான் பற்றிய வரியைப் படித்ததும் எனக்கு நாமக்கல் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவுக்கு அங்கே இரண்டு லாரி இருந்தது. இன்ஜின் இறக்கினால் அப்பா பட்டறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். மூன்று நாளானாலும் சோறு அங்கேதான் போகும். திரும்பி வரும்போது ஒரு சாக்கு கொண்டுவருவார். தேய்ந்த ரிங்கு, பேரிங் ஷெல், வால்வு எல்லாம் அதில் இருக்கும். அம்மா திட்டுவாள். எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தது ஒரு லேலண்ட் பிஸ்டன். எனக்கு அது வெறும் கஞ்சத்தனமாகத் தோன்றும். அன்று இரவே போன் போட்டேன்.

"போர் அளந்து பாத்தாங்களா கண்ணு?"

"இல்லீங்கப்பா. யாருமே அளக்கலைங்க."

"அளக்காம எப்படிச் சொல்றான்? புகைய வெச்சு யாரு வேணும்னாலும் பேசலாம். அளக்கற ஆளப் பாரு. அளந்த கணக்க எழுதித் தரச் சொல்லு. கழட்டுன சாமானயும் மறக்காம வாங்கிக்க."

நான் பதினோரு மாதமாகத் தேடியது நல்லவரை. அப்பா தேடச் சொன்னது அளப்பவரை. அதோடு, நிஸ்ஸானே ஒரு காலத்தில் இதே தேடலில் இறங்கியிருக்கிறது என்பதும் அந்த வாரம்தான் தெரிந்தது. 1996-இல் அமெரிக்காவில் இசட் கார் விற்பனை நின்றுபோனது. பெயர் மறந்துவிடக் கூடாது என்று அடுத்த வருடம் நிறுவனமே பழைய 240-இசட்களை வாங்கிப் புதுப்பித்து, வாரண்டியோடு டீலர்கள் மூலம் விற்றது. அந்தக் கார்களைப் புதுப்பிக்க அவர்கள் போய் நின்றது தெற்குக் கலிஃபோர்னியாவின் தனி மெக்கானிக்குகளிடம். கடைசியில் ஐம்பது கார்கூடத் தேறவில்லை. ஆனால் இருபத்தைந்து வருடத்தில் அந்த இன்ஜினைப் பற்றிய கைப்பழக்கம் கம்பெனியை விட்டு நகர்ந்து, ஏதேதோ சந்துகளில் இருந்த பட்டறைகளுக்குப் போய்விட்டிருந்தது.

எனக்குக் கிடைத்த ஆளும் ஒரு சந்தில்தான் இருந்தார். எழுபது வயது இருக்கும். கார் ஷாப்கூட இல்லை, லேத் பட்டறை. மற்ற ஷாப்காரர்கள் பிளாக்கைப் போர் பண்ண அவரிடம் கொண்டுவருவார்கள். நான் போனவுடன், திறந்து அளப்பதற்கு மட்டும் தனியாகக் கூலி தருகிறேன், வேலையை உங்களிடம் தருவேனா என்பது அப்புறம்தான் என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். "அப்படித்தான் செய்யணும்" என்றார்.

இன்ஜினைத் திறக்கும் முன் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்த்தார். ஐந்து நன்றாக இருந்தன. ஐந்தாவது சிலிண்டர் மட்டும் நோஞ்சான். அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது முள் மேலே ஏறியது. ஆயில் போய் இடுக்கை அடைக்கிறது என்றால் ஒழுக்கு ரிங்கில். ஏறாமல் இருந்திருந்தால் வால்வைச் சந்தேகப்பட வேண்டும். காலைப் புகை வேறு கதை. ராத்திரி முழுக்க வால்வு கைடு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிய ஆயில் அது. பிறகு ஹெட்டைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். கம்பெனி விட்டம் 83 மில்லிமீட்டர். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடியின் பருமனில் பாதிதான். ஐந்தாவது சிலிண்டர் 83.14 காட்டியது. மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்து, நீயும் பார் என்றார். எனக்கு 83.17 வந்தது. "இன்னும் மெதுவாத் திருகு." மூன்றாவது தடவை 83.14 வந்தது. கல்லூரி லேபில் செய்ததுதான் இது. ஆனால் அங்கே விடை முன்பே தெரியும்.

83.5-க்குப் போர் பண்ணி, புது பிஸ்டன், ரிங்கு, வால்வு கைடு போட்டால் போதும் என்றார். பிளாக் அதேதான், எண்ணும் அதேதான். கிராங்க் நன்றாக இருந்தது. கேமும் தேயவில்லை, அதைத் தொட வேண்டாம் என்றார். புதுக் கேம் போட்டிருந்தால் அதற்கு ஒரு நல்ல தொகை வாங்கியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், அவர் சொன்ன தொகை குறைவாக இருந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சரி என்றேன்.

ஆறு வாரம் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் காலை அவரே கூப்பிட்டார். எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு ஸ்டட்டைக் கழற்றும்போது ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்துவிட்டது, அவசரப்பட்டேன், இன்னும் கொஞ்சம் சூடாக்கியிருக்க வேண்டும், எடுத்துவிட்டேன், இதற்குக் கூலி இல்லை என்றார். நான் பார்த்திருக்கவே மாட்டேன். அதன்மேல் மேனிஃபோல்டு உட்கார்ந்துவிடும்.

இன்ஜினை எடுக்கப் போன அன்று பணம் கொடுத்துவிட்டு, பழைய சாமான் வேண்டும் என்றேன். மேஜைக்குக் கீழேயிருந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தள்ளினார். ஆறு பிஸ்டன்களும் சிலிண்டர் எண் எழுதிய காகிதம் சுற்றி வரிசையாக இருந்தன. ஒடிந்த ஸ்டட் மேலாக ஒரு சின்ன உறையில் இருந்தது. அளந்த கணக்கு ஒரே ஒரு தாள், பென்சிலில். ஓர் இடத்தில் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்து. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பதில் குரல்செய்தியாக வந்தது. கணக்கு நல்லா இருக்கு, அஞ்சாவது பிஸ்டன மட்டும் திருப்பி வெச்சு இன்னொரு போட்டோ எடு, எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பாக்கணும் என்றார்.