பிரேக் வால்வு வளர்ந்த வரலாறு



தோட்டத்துக் குடும்பங்களுக்கு லோரியும் பிக்கப்பும் புதியவை அல்ல. வெளிக்காட்டு வேலைக்கும், பட்டணத்துக் கடைக்கும், பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவுக்கும் ஒரு காலத்தில் நாம் லோரியின் பின்தட்டில் நின்றுகொண்டுதான் போனோம். இன்று மலாக்கா மாநிலத்தில் பல பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்டன. கோலா சுங்கை பாரு, மஸ்ஜித் தானா, அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களுக்கு ஒரு பழைய பிக்கப்பே பிழைப்புக்கு முதலாக அமைவதுண்டு. காய்கறி ஏற்றலாம், பழைய இரும்பு ஏற்றலாம், ஆட்டுக்குத் தழையும் ஏற்றலாம்.

அப்படிப்பட்ட பிக்கப்புகள் பலவற்றின் அடியில், பின் அச்சுக்கு மேலே, சட்டத்தோடு சேர்ந்தாற்போல் கைக்குள் அடங்கும் உலோகத் துண்டு ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ நீண்ட ஸ்பிரிங்கோ அச்சுக்குப் போகும். அதுதான் பின்சக்கர பிரேக் வால்வு. அது பழுதாகிவிட்டால், 'எல்லாம் ஒரே வால்வுதானே' என்று கைக்குக் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வாறு செய்வது உயிருக்கே ஆபத்து. ஏன் ஆபத்து என்பதை அந்த வால்வு தோன்றி வளர்ந்த வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டும்.

முதலில் நம் மாநிலத்தில் லோரி எப்படி முக்கியமாயிற்று என்று பார்ப்போம். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்ட முன்னோடி அவரே. அந்நாளில் சுமை ஏற்ற மாட்டு வண்டி இருந்தது. 1905இல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ரயில் பாதை வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டனர். நம் தோட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்கள் மாண்டதும் அதே பாதையில்தான். போருக்குப் பின் மலாக்கா நகருக்கு அந்தத் தண்டவாளம் திரும்பவும் போடப்படவில்லை. சுமையெல்லாம் சாலைக்கு வந்தது. பிரிட்டிஷ் லோரிகளும், 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவரும் ஓடிய சாலைகளில் பிறகு ஜப்பானிய வண்டிகள் வந்தன. 1957இல் டான் சோங் நிறுவனம் டட்சன் வண்டிகளை விற்கும் உரிமையைப் பெற்றது. டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப் 1968இல் பிறந்தது.

இனி பிரேக்கின் கதைக்கு வருவோம். ஆரம்பகால மோட்டார் வண்டிகளில் பிரேக்கை இழுத்தவை கம்பிகளும் வடங்களும்தாம். நான்கு சக்கரத்துக்கும் நான்கு இழுப்பு. ஒரு கம்பி சற்றே தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இதற்கு மாற்று வழி ஒரு பழைய உண்மையில் இருந்தது. அடைத்து வைத்த நீர்மத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கியிருந்தார். பள்ளியில் இதை நாங்கள் இரண்டு ஊசிக்குழல்களைக் கொண்டு காட்டுவோம். இரண்டிலும் நீர் நிரப்பி, ஒரு சிறு குழாயால் இணைத்து, ஒன்றை அழுத்தினால் மற்றது தானாக வெளியே தள்ளப்படும். மாணவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறப்பதில்லை.

அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் இந்த உண்மையை வண்டிக்குப் பயன்படுத்தி 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் டூசன்பர்க் என்னும் விலை உயர்ந்த காரில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் பிரேக் பொருத்தப்பட்டது. ஆனால் லாக்ஹீட் பயன்படுத்திய கிண்ண வடிவ அடைப்புகள் தோலால் ஆனவை. அவை கசிந்தன. 1924இல் கிரைஸ்லர் நிறுவனத்துப் பொறியாளர்கள் அவற்றுக்குப் பதிலாக ரப்பர் கிண்ணங்களை வைத்தார்கள். கசிவு அடங்கியது. எண்ணெய் பிரேக் சாதாரண மக்களின் கார்களுக்கும் வந்தது. அன்று உலகில் மிகுதியான ரப்பரைத் தந்தது மலாயாதான் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, விடியற்காலையில் பால் வெட்டிய நம் முன்னோரின் உழைப்புக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு என்பது விளங்கும்.

இங்கே இன்னொரு செய்தியும் உண்டு. இயற்கை ரப்பர் மண்ணெண்ணெய், இன்ஜின் எண்ணெய் போன்றவற்றில் பட்டால் ஊதிப் பருத்துவிடும். ஆகவே அக்காலத்து பிரேக் எண்ணெயை ஆமணக்கு எண்ணெயோடு சாராய வகைப் பொருளைக் கலந்து செய்தார்கள். ஆமணக்கு எண்ணெய் என்பது நம் பாட்டிமார் பயன்படுத்திய விளக்கெண்ணெயே. பின்னர் வேறு வகை நீர்மங்கள் வந்துவிட்டன. ஆயினும் பிரேக் டப்பாவில் இன்ஜின் எண்ணெய் ஊற்றக் கூடாது என்ற விதி மாறவில்லை. ஊற்றினால் ரப்பர்கள் பருத்து, வால்வும் மாஸ்டர் பம்பும் கெட்டுப்போகும்.

எண்ணெய் பிரேக் வந்தபின் ஒரு புதிய சிக்கல் தெரிய வந்தது. அழுத்தம் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே அளவாகப் போகிறது. ஆனால் சக்கரங்களின் மேலுள்ள பாரமோ ஒரே அளவாக இல்லை. லோரியில் நின்று போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டிரைவர் பிரேக் மிதித்தால் எல்லாரும் முன்பக்கம் சாய்வோம். வண்டியும் அப்படியே. பாரம் முன்சக்கரங்களுக்குப் போய்விட, பின்சக்கரங்கள் இலேசாகிவிடும். இலேசான சக்கரத்துக்கு அதே அழுத்தம் கொடுத்தால் அது சுழலாமல் நின்றுவிடும். நின்ற சக்கரம் சாலையில் வழுக்கும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியின் வால் திரும்பி முன்னுக்கு வந்துவிடும். மழை பெய்த செம்மண் சாலையில் இது கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடியும்.

இதற்கு விடையாகத்தான் வால்வு பிறந்தது. 1955இல் வெளிவந்த பிரான்ஸ் நாட்டு சிட்ரோவன் காரில், பின்பக்கத்துப் பாரத்தைப் பொறுத்துப் பின் பிரேக் அழுத்தம் கூடிக் குறைய வழி செய்தார்கள். 1959இல் வந்த பிரிட்டிஷ் மினி காரில், பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் சிறு வால்வு இருந்தது.

இதற்கிடையே டிஸ்க் பிரேக்கும் பரவியது. 1953ஆம் ஆண்டு பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக்கோடு வென்றது. மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் வைத்திருந்த அதே டன்லப்தான். பிறகு, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற அமைப்பு சாதாரண வண்டிகளுக்கும் வந்தது. இந்த இரண்டுக்கும் குணம் வேறு. டிரம் பிரேக் கட்டைகளைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் உண்டு. அதை வென்ற பிறகே கட்டை டிரம்மைத் தொடும். டிஸ்க்கில் அப்படிப்பட்ட ஸ்பிரிங் இல்லாததால் உடனே பிடிக்கும். ஆகவே டிரம் தொடும்வரை டிஸ்க்கைச் சற்றுத் தாமதிக்க வைக்கும் வால்வு ஒன்று தேவைப்பட்டது. பழைய டிரம் அமைப்புகளிலோ, காற்று உள்ளே புகாதபடி குழாயில் சிறு அழுத்தத்தை எப்போதும் நிறுத்தி வைக்கும் வால்வு இருந்தது. அந்த வால்வை டிஸ்க்குக்கு மாட்டினால் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருந்து சூடேறிவிடும்.

1960களில் பிரேக் குழாய் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று வெடித்தாலும் மற்றது வேலை செய்யும். எந்தப் பிரிவில் அழுத்தம் குறைந்தது என்று காட்ட விளக்கெரிய வைக்கும் வால்வும் சேர்ந்தது. அமெரிக்க வண்டிகளில் இந்த மூன்று நான்கு வேலைகளையும் ஒரே பித்தளைக் கட்டைக்குள் அடக்கிவிட்டார்கள். வெளியே பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும். உள்ளேயுள்ள வேலை வண்டிக்கு வண்டி மாறும்.

பிக்கப்பின் தொல்லை இன்னும் பெரியது. ஒரு டன் வகைப் பிக்கப் வெறுமையாக இருக்கும்போது அதன் பின்பக்கம் மிக இலேசு. சுமை ஏற்றினால் தன் எடைக்கு ஏறக்குறைய இணையான பாரம் பின் அச்சில் வந்து விழும். காலையில் ஒரு வண்டி, மாலையில் இன்னொரு வண்டி என்றே சொல்லலாம். எனவேதான் அச்சோடு கம்பியால் இணைந்த வால்வு வந்தது. சுமை ஏறச் சட்டம் தாழும். தாழும்போது கம்பி வால்வைத் தள்ளும். பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். சுமை இறங்கினால் அழுத்தம் குறையும். டொயோட்டா பிக்கப்புகளில் சில வால்வுகளுக்கு இன்னொரு கடமையும் உண்டு: முன் பிரேக் குழாய் பழுதானால், குறைப்பதை நிறுத்திவிட்டு முழு அழுத்தத்தையும் பின்னுக்கு அனுப்பும்.

இவ்வளவும் தெரிந்தபின், சரியான வால்வை அடையாளம் காண்பது கடினமன்று. பொதோங் கடையிலோ உதிரிப்பாகக் கடையிலோ வாங்கும் முன் ஐந்து செய்திகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, முன்னும் பின்னும் டிரம்மா டிஸ்க்கா என்பது. முந்தைய முதலாளி யாராவது முன்பக்கத்தை டிஸ்க்காக மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வால்வின் குழாய்களை எண்ண வேண்டும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று மட்டுமா? அல்லது முன் பிரேக்கிலிருந்தும் ஒரு குழாய் வருகிறதா? அப்படி வருமானால் இரண்டு துளை உள்ள வால்வு அதற்கு ஈடாகாது.

மூன்றாவது, வண்டியின் அடையாளத் தகட்டிலுள்ள மாடல் எழுத்துகளும் எண்களும். ஒரே பெயருள்ள பிக்கப்பிலேயே நீளச் சட்டம், குட்டைச் சட்டம், நான்கு சக்கர இழுப்பு, இரண்டு சக்கர இழுப்பு என்று பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றின் பின்பாரமும் வேறு.

நான்காவது, பழைய வால்வின் மேல் வார்த்திருக்கும் அல்லது குத்தியிருக்கும் எண். மண்ணும் துருவும் மூடியிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, மரையும் குழாயின் வாயும். பழைய பிரிட்டிஷ், அமெரிக்க வண்டிகளில் அங்குல மரை. ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் மில்லிமீட்டர் மரை. எட்டிலே மூன்று அங்குல மரையும் பத்து மில்லிமீட்டர் மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில் மற்றதைத் திருகினால் கொஞ்சம் பிடிக்கும். ஓங்கி மிதிக்கும் நாளில் கைவிடும். மரை ஒத்திருந்தாலும் குழாயின் வாய் மடிப்பு வேறானால் எண்ணெய் கசியும். திருகு ஏறிவிட்டது என்பதற்காக வால்வு சரி என்று முடிவுகட்டக் கூடாது.

இனி இரண்டு தீய வழக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பி முறிந்துபோனால் வால்வின் நெம்புகோலை மேலே தூக்கிக் கட்டிவிடுவது ஒன்று. அப்போது வால்வு, வண்டியில் எப்போதும் முழுச் சுமை இருப்பதாக எண்ணிக்கொள்ளும். வெறும் வண்டியில் பின்சக்கரம் வழுக்கும். மற்றது, அதிகச் சுமை ஏற்றுவதற்காகப் பட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுவது. சுமை ஏறினாலும் சட்டம் தாழாததால், வண்டி காலியாக இருப்பதாக வால்வு எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். வண்டி நிற்க நெடுந்தூரம் பிடிக்கும். பட்டை கூட்டினால் அந்த வண்டிக்குரிய பட்டறைப் புத்தகப்படி வால்வின் கம்பியையும் சரிசெய்தாக வேண்டும்.

1978இல் ஏபிஎஸ் என்னும் மின்னணு முறை ஜெர்மனியில் கார்களுக்கு வந்தது. பின்னாளில் இந்த வால்வு செய்த வேலையையும் மின்னணுக் கருவியே ஏற்றுக்கொண்டது. ஆனால் பழைய பிக்கப்புக்கு அந்த வசதி இல்லை. அதன் பின்தட்டில் சுமையோடு ஏறி உட்காரும் பிள்ளைக்கும் மழைச் சாலைக்கும் நடுவே நிற்பது இந்தச் சிறு வால்வே. ஆகவே நேயர்களே, புதியது வாங்கும்வரை பழைய வால்வைப் பழைய இரும்போடு எறிந்துவிடாதீர்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எவ்வளவு பாடு என்பதை நம் மக்கள் அறிவார்கள். அந்தத் துருப்பிடித்த வால்வில் இருக்கும் எண்ணும் ஒரு பிறப்புப் பத்திரம்தான். அதைக் கடைக்காரரிடம் காட்டி, அதே எண்ணையோ, அந்த வண்டி மாடலுக்கென்று புத்தகத்தில் குறித்த மாற்று எண்ணையோ கேட்டு வாங்குங்கள். பொருத்தும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். குழாயிலுள்ள காற்றை முழுதும் எடுத்தபின், ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே சுமை ஏற்றுங்கள்.