புல்வெட்டும் எந்திரம் நுழையாத இடுகாடு

அமெரிக்காவில் பெரும்பாலான இடுகாடுகளில் சவப்பெட்டியை இறக்கும் முன்பே குழிக்குள் இன்னொரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அது கான்கிரீட் பெட்டி. உடலுக்குப் பாதுகாப்பு என்று சொல்லித்தான் அதை விற்பார்கள். அதன் அசல் வேலை வேறு. சவப்பெட்டி மக்கினால் மேல்மண் உள்வாங்கும், தரையில் பள்ளம் விழும், புல்வெட்டும் எந்திரம் அதில் இறங்கி நிற்கும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் கான்கிரீட். எந்த மாநிலச் சட்டமும் அதைக் கட்டாயமாக்கவில்லை. கேட்பது இடுகாட்டு நிர்வாகம்தான்.

இந்தப் புல்தரை மோகம் வேரூன்றியதில் கலிஃபோர்னியாவின் ஃபாரஸ்ட் லான் இடுகாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1917-இல் அதன் பொறுப்புக்கு வந்த ஹியூபர்ட் ஈட்டன், நிமிர்ந்து நிற்கும் கல்லறைக் கற்களே வேண்டாம் என்றார். பெயர்ப்பலகைகள் தரையோடு தரையாகப் படுத்தன. பூங்கா மாதிரி அழகாக இருந்தது. எந்திரமும் தடையில்லாமல் ஓடியது.

உடலுக்கு மருந்தேற்றும் 'எம்பாமிங்' அதற்கும் முந்தியது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் எங்கோ செத்த வீரனை ரயிலேற்றி ஊருக்கு அனுப்ப அது தேவைப்பட்டது. ஆபிரகாம் லிங்கனின் உடல் ஏறக்குறைய இரண்டு வாரம் ரயிலில் ஊர் ஊராகப் போனபோது மக்கள் பார்த்தது எம்பாமிங் செய்த முகத்தைத்தான். அன்றைய மருந்தில் ஆர்செனிக் இருந்தது. பின்னால் வந்த ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் தருவது என்று தெரிந்தும் வழக்கம் நின்றுவிடவில்லை.

இதற்கெல்லாம் மாற்று முளைத்த இடம் இங்கிலாந்தின் வடகோடி. கார்லைல் நகராட்சி இடுகாட்டை நிர்வகித்தவர் கென் வெஸ்ட். 1961-இல் இடுகாட்டு வேலையில் சேர்ந்தவர். புதைப்பது, எரிப்பது, புல் வெட்டுவது எல்லாம் அவருக்குத் தினசரி வேலை. யாருமே வந்து பார்க்காத கல்லறைகளைச் சுற்றியும் வருஷாவருஷம் புல் வெட்டியாக வேண்டும், அதற்கு நகராட்சி செலவழிக்க வேண்டும். வெட்டாமல் விட்டால் அங்கே பூவும் பறவையும் வருகின்றன. இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். 1993-இல் இடுகாட்டின் ஒரு பகுதியை ஒதுக்கினார். அங்கே கல் கிடையாது. மக்கும் பெட்டியில் புதைத்து, மேலே ஓர் ஓக் கன்று நடுவார்கள். அந்த இடம் நாளடைவில் காடாகும். இன்று பிரிட்டனில் இதுபோன்ற இடங்கள் 250-க்கும் மேல்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இதே யோசனை ஒரு டாக்டருக்கு வேறு வழியாக வந்தது. தென் கரோலினாவின் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்தவர் பில்லி கேம்ப்பெல். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்தபோது, இந்தச் செலவுக்கு ஒரு துண்டுக் காட்டையே வாங்கிக் காப்பாற்றியிருக்கலாமே என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1998-இல் அவரும் மனைவி கிம்பர்லியும் ராம்சே க்ரீக் ஓடைக்கரையில் சுமார் 33 ஏக்கரில் அமெரிக்காவின் முதல் காடுகாக்கும் இடுகாட்டைத் திறந்தார்கள். எம்பாமிங் கூடாது, கான்கிரீட் கூடாது, துணி அல்லது மக்கும் பெட்டி போதும். அடையாளத்துக்கு அந்த மண்ணிலேயே கிடைக்கும் கல். புதைக்கக் கட்டும் பணம் காட்டைக் காக்கப் போகும்.

கான்கிரீட் குறைந்தால் கார்பன் உமிழ்வு குறையும் என்ற வாதம் சரிதான். ஆனால் ஊர் நிர்வாகத்திடம் போய், 'நம் இடுகாட்டிலும் ஒரு மூலையை இப்படி விடுங்கள்' என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்குப் படித்து வந்தவர்கள் இல்லை. ஒரு சாவில் நின்றவர்கள். கென் வெஸ்ட் ஆயிரம் சாவில் நின்றவர், கேம்ப்பெல் அப்பாவின் சாவில் நின்றவர். பளபளக்கும் பெட்டியையும் செயற்கைப் புல்விரிப்பையும் பார்த்து, மண்ணைத் தொடாமலே காரில் திரும்பியவர்களுக்கு ஏதோ விட்டுப்போன உறுத்தல் இருக்கும். இன்னொரு சாவில் மண்வெட்டி கைக்கு வந்து, தாங்களே குழியை மூடும்போது அது இன்னதென்று புரியும். அப்புறம் அவர்களைச் சும்மா இருக்கச் சொல்ல முடியாது. இப்படிக் கேட்பவர்கள் பெருகப் பெருக, பெயருக்கு மட்டும் 'பசுமை' என்று விற்பவர்களும் பெருகினார்கள். எது அசல் என்று தரம் பிரிக்க 2005-இல் பசுமை அடக்கக் கழகம் ஒன்று அமெரிக்காவில் உருவானது.

ராம்சே க்ரீக்கின் குழியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஆழம் மூன்று, நான்கு அடிதான். காற்றும் நுண்ணுயிரும் உள்ள மேல்மண்ணுக்கு அருகில் இருந்தால்தான் உடல் சீக்கிரம் மண்ணாகும். தோண்டும்போது மேல்மண் தனியே, அடிமண் தனியே குவிக்கப்படும். மூடும்போது அடிமண் முதலில், மேல்மண் கடைசியில். எடுத்த மண் எல்லாம் மேலேயே மேடாக ஏறும். நம் ஊர் இடுகாட்டுக்குப் போய்வந்த யாருக்கும் அந்த மேடு புதிதில்லை. அதை யாரும் தட்டிச் சமன் செய்வதில்லை. உள்ளே பெட்டி இற்று, உடல் கரையக் கரைய, மழைக்கு மழை மேடு தாழும். பள்ளம் விழுமே என்று பயந்து ஒரு தேசமே கான்கிரீட் கொட்டியது. ராம்சே க்ரீக்கில் அந்தப் பள்ளத்துக்கான மண்ணை முதல் நாளே மேலே ஏற்றி வைத்துவிடுகிறார்கள்.